சரிந்த மேசையும் மூன்று வாய் அடுப்பும்

தயானி அக்காவின் வீட்டில் காசு கொடுத்து வாங்கிய பொருள்கள் மிகக் குறைவு. சுவரில் தொங்கும் மணிக்கூடு ஹப்புத்தளைக்காரர் ஒருவரிடம் வென்றது. குசினிக் கூரையின் பாதித் தகரம் பசறை மேசன் ஒருவருடையது. முன்னறையில் இருக்கும் பிளாஸ்டிக் கதிரைகள் பண்டாரவளை மரக்கறி லொறிக்காரர் ஒருவரிடம் வென்றவை. அவற்றில் ஒன்றை அந்த லொறிக்காரர் மறுவாரமே வந்து திரும்ப வென்று, மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்.

இத்தனையையும் வென்றது யார் என்று எங்கள் தோட்டத்தில் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். பில்லியட் மேசையில் கோல் பிடிப்பவர் அவருடைய கணவர் முருகையா அண்ணன். கொழுந்து லொறி ஓட்டுகிறார். பந்தயம் பிடிப்பவர் தயானி அக்கா. யாரோடு ஆடுவது, எதை வைப்பது, எப்போது போதும் என்று எழும்புவது எல்லாம் அவர்தான். அவர் ஒரு நாளும் கோலைத் தொட்டதில்லை. பந்து எந்தக் குழியில் விழுந்தாலும் அவருக்கு ஒன்றுதான். அவர் பார்ப்பது ஆட்களை.

எங்கள் தோட்டம் நமுனுகுல மலைச் சரிவில் இருக்கிறது. தொழிற்சாலைக்கு மேலே வெள்ளைக்காரத் துரைமார் கட்டிய கிளப் ஒன்று உண்டு. அவர்கள் போன பிறகு பல காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தோட்டத்தாருக்கு என்று திறந்து விட்டார்கள். உள்ளே ஒரு பெரிய பில்லியட் மேசை. பச்சைத் துணிக்கு அடியில் முழுவதும் கல் என்பதால் யாராலும் அதை அங்கிருந்து அசைக்க முடியவில்லை. பந்துகளில் பாதி தொலைந்து போயிருந்தன. அதனால் எங்கள் ஆட்களே ஒரு ஆட்டத்தை உண்டாக்கிக்கொண்டார்கள். ஒருவருக்கு ஐந்து சிவப்பு, மற்றவருக்கு ஐந்து வண்ணம். தன்னுடையதை முடித்துவிட்டுக் கறுப்பைக் குழியில் போடுகிறவர் வென்றவர்.

கட்டடம் சரிவில் இருப்பதால் வருடத்துக்கு வருடம் பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. பந்துக்குத் தெரியும். மெதுவாக உருட்டினால் நேராகப் போவது போலவே போய், கடைசி நேரத்தில் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிவிடும். முருகையா அண்ணன் சின்ன வயதிலிருந்து அந்த ஒரு மேசையில்தான் ஆடினார். எந்தப் பந்தை எவ்வளவு மேட்டுப் பக்கம் பார்த்து அடிக்க வேண்டும் என்பது அவருடைய கைக்குப் பழகிப் போயிருந்தது. எப்படி என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. லொறியை வளைவில் எப்படித் திருப்புகிறீர்கள் என்று கேட்டாலும் இதே பதில்தான்.

வெளியாட்கள் வந்து தோற்பார்கள். பந்து குழியின் வாய் வரை போய் விலகிப் போகும்போது, தோற்றதாக யாருக்கும் தோன்றாது. இன்றைக்கு நேரம் சரியில்லை என்றுதான் தோன்றும். அதனால் மறுவாரமும் வருவார்கள். மேசை சரிந்திருக்கிறதா என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் கட்டளை. யாரும் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் இந்தப் பந்தயமெல்லாம் காசுக்குத்தான் நடந்தது. கல்யாணமான புதிதில் முருகையா அண்ணன் பதுளைக்குப் போய், டவுனில் ஒரு மேசையில் ஆடி, சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"ஏங்க, இங்க ஜெயிக்கிறீங்க. அங்க தோக்கிறீங்க. கை ஒன்னுதானே? அப்ப வித்தியாசம் எங்க இருக்கு?"

அன்றைக்குத்தான் வித்தியாசம் மேசையில் இருக்கிறது என்பதைப் புருசனும் பெண்சாதியும் கண்டுபிடித்தார்கள். அந்த வருடம் கதிர்காமத் திருவிழாவுக்குப் போனபோது, அண்ணனை மாணிக்க கங்கையில் முழுக வைத்து, இனிமேல் காசு வைத்து ஆடுவதில்லை என்று சத்தியம் வாங்கினார் அக்கா. ஊருக்கு வந்த அடுத்த ஞாயிறே ஒரு மூட்டை உருளைக்கிழங்குக்கு ஆட வைத்தார்.

"சத்தியம் என்னாச்சு?" என்று அண்ணன் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார்.

"காசுன்னுதானே சொன்னோம்? கெழங்குன்னு சொல்லலியே. முருகன் என்ன கணக்குத் தெரியாதவரா?"

அக்காவுக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, ஆட வருகிறவருக்கு முதலில் சாப்பாடு. இடியப்பமும் சம்பலும் சொதியும் வைத்துவிட்டு, சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சம்பலை முதலிலேயே முடிக்கிறவர் அவசரக்காரர். அடுத்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவர் பந்தயத்தை ஏற்றச் சொன்னால் ஏற்றுவார். வேண்டாம் வேண்டாம் என்றபடியே வாங்கிச் சாப்பிடுகிறவரோடு ஆடவே கூடாது. இரண்டாவது வழக்கம், வீட்டில் வேலை செய்கிற சாமானைப் பந்தயத்தில் வைப்பதில்லை. உபயோகமில்லாமல் கிடப்பதை மட்டும்தான் வைப்பார்.

இந்த இரண்டாவது வழக்கத்தைத்தான் போன வருடம் அவர் மீறினார்.

பதுளை பசார் வீதியில் தனேஸ்வரன் என்று ஒரு முதலாளி இருக்கிறார். அப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அரசாங்கக் கந்தோர் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். கீழே வீட்டு மின்சாரச் சாமான்கள் விற்கும் கடை, மேல்மாடியில் பில்லியட் மேசை. கடைக்கு வருகிறவர்களை மேலே கூட்டிப்போய் ஆட வைப்பார். மேலே ஆட வருகிறவர்களைக் கீழே கூட்டிவந்து ஏதாவது வாங்க வைப்பார். அவர் எங்கள் கிளப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து, ஒரு மூன்று வாய்க் கேஸ் அடுப்பைத் தோற்றார். புத்தம் புதிது. பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

அந்த அடுப்பு அக்காவின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. அதுவரை அவர் மலையில் கொழுந்து பறித்தார். அடுப்பு வந்த பிறகு தோட்டத்துப் பேரேட்டில் பேர் வெட்டிக்கொண்டு, இடியப்ப வியாபாரம் தொடங்கினார். விடிவதற்கு முன்பே மூன்று வாயிலும் நீல நெருப்பு எரியும். ஒன்றில் இடியப்பம், ஒன்றில் சொதி, ஒன்றில் பருப்பு. பதுளைக்குப் போகும் முதல் பஸ் அக்காவின் வாசலில் நிற்காமல் போகாது. தொழிற்சாலைக்காரர்கள், கந்தோர்க்காரர்கள், வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்களத்துக்கு ஓடுகிற பொம்பளைகள் எல்லோருக்கும் அங்கேதான் காலைச் சாப்பாடு. பிள்ளைகள் இரண்டு பேரின் படிப்பும் அந்த அடுப்பின் மேல்தான் நின்றது. அண்ணனின் சம்பளத்தில் அரிசியும் லைட் பில்லும் போனால் மிச்சமில்லை.

தனேஸ்வரன் முதலாளியும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. சின்னச் சின்னச் சாமான்களாகத் தோற்றுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் தோற்ற எரிச்சலில் வெள்ளைப் பந்தை மேசை நடுவில் வைத்துவிட்டு நின்றார். அது தானாக நகர்ந்து பள்ளத்துப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. முதலாளி அதைப் பார்த்தார். மறுவாரம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"தங்கச்சி, உந்த அடுப்பைத் திரும்பப் பந்தயத்தில வைப்பீங்களோ?"

"அது வேலை செய்யிற அடுப்புண்ணே. வேலை செய்யிறத வைக்கிறதில்ல."

"நான் என்ன வைக்கிறன் எண்டு கேளுங்களன்." போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "மின்சார இடியப்ப மெஷின். மாவைப் போட்டு பட்டனை அமத்தினாச் சரி. நூல் நூலா இறங்கும். கையால பிழிஞ்சு பிழிஞ்சு உங்கட மணிக்கட்டு வீங்கிப்போய்க் கிடக்குது. எனக்குக் கண் இல்லையோ?"

அக்காவின் வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"வேணாம் தயானி," என்றார் அண்ணன்.

"நீங்க கோலப் பாருங்க. ஆள நான் பாக்குறேன்."

ஆனால் அக்காவுக்கு இந்த ஆளைத்தான் பிடிபடவில்லை. அன்று இரவு என் அம்மாவிடம் வந்து சொன்னார்: "அந்த மனுசன் சாப்புடும்போது சாப்பாட்ட மட்டுந்தான் நெனைக்கிறாரு. ஆட்டத்தப் பத்தி மொகத்துல ஒன்னுமே இல்ல. எப்புடிப் புரிஞ்சுக்கிறது?" பிடிபடாத ஆளோடு பெரிய பந்தயம் பிடிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் மெஷினின் படம் கண்ணை விட்டுப் போகவில்லை. மூன்று ஆட்டம், இரண்டு வென்றவருக்குப் பொருள், மாதக் கடைசி ஞாயிறு என்று பேச்சு முடிந்தது.

பேச்சு முடிந்த மறுநாளே புதுச் செய்தி வந்தது. கிளப்பைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்போவதாகவும், மேசையைச் சரிசெய்யக் கொழும்பிலிருந்து ஆள் வருவதாகவும் இப்போதைய தோட்டத் துரை சொல்லிவிட்டாராம். சாவியை வைத்திருக்கும் பெரிய கிளாக்கர் இரகுநாதன்தான் இடியப்பம் வாங்க வந்த இடத்தில் இதைச் சொன்னார். அக்காவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. மேசையைச் சமமாக்கிவிட்டால் அண்ணனின் கை டவுன் மேசையில் ஆடிய கை மாதிரி ஆகிவிடும். சம்பளம் போனது போல அடுப்பும் போகும்.

பந்தயத்தை விட்டு விலக வழியில்லை. விலகினால் தோற்றதாகத்தான் கணக்கு. அது கிளப் வழக்கம்.

"சமமான மேசையில எனக்குக் கை வராதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணன்.

"தெரியும். அதனாலதான் வர வைக்கணும்."

ஹாலிஎலவில் பவாஸ் என்று ஒருவர் போன் கடைக்குப் பின்னால் பூல் மேசை வைத்திருக்கிறார். மேசை சின்னது, ஆனால் பளிங்கு போலச் சமம். அண்ணன் லொறி வேலை முடிந்ததும் தினமும் அங்கே போய் ஆட வேண்டும், எங்கள் கிளப் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று அக்கா கட்டளையிட்டார். முதல் நாள் அண்ணன் அடித்த பந்தெல்லாம் குழிக்கு மேலே மேலே போனது.

"முருகையாண்ணே, பந்த ஏன் வானத்தப் பாத்து அனுப்புறீங்க? மழ வருமான்னு கேட்டுட்டு வரவா?" என்று பவாஸ் கேட்டதை அண்ணனே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு கிழமை போனது. கை கொஞ்சம் இறங்கியது. இன்னொரு கிழமையில் பவாஸையே இரண்டு முறை வென்றுவிட்டார். மாதம் முடியும்போது நேரான பந்தை நேராக அடிக்க அவருக்குப் பழகிவிட்டது. அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோசம். மெஷினை வைப்பதற்குக் குசினியில் ஒரு இடத்தைக்கூட ஒதுக்கி, சிமெந்து பூசி வைத்தார்.

ஆட்டத்துக்கு முந்திய நாள் கொழும்பு ஆள் வந்தார். ஜுனைதீன் என்று பெயர். நீளமான ரசமட்டம் ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு கிளப்புக்குள் போனவர், பின்னேரம் வரை வெளியே வரவில்லை. அக்கா வேண்டுமென்றே அந்தப் பக்கம் போய் யன்னலால் எட்டிப் பார்த்தார். மேசையில் புதுப் பச்சைத் துணி பளபளவென்று இழுத்துக் கட்டியிருந்தது. ஜுனைதீன் வேலைச் சாமான்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். துணி அழுக்காகக் கூடாது என்று பெரிய கிளாக்கர் உடனே கதவைப் பூட்டிவிட்டார். அக்கா வந்து சொன்னார்: "வேலை முடிஞ்சிருச்சு. நாளைக்கு மெஷின் நம்ம வீட்டுல."

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் நிற்க இடமில்லை. பவாஸ்கூட ஹாலிஎலவிலிருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். முதலாளி தன் வேனில் மெஷினைக் கொண்டுவந்து, எல்லோரும் பார்க்கும்படி ஒரு மர வாங்கில் வைத்தார். அதற்குப் பக்கத்தில் அக்கா தன் அடுப்பைத் துடைத்துக் கொண்டுவந்து வைத்தார்.

முதல் பந்து அண்ணனுடையது. கண்ணை மூடிக்கொண்டு போடக்கூடிய பந்து. நேராக அடித்தார். பந்து நேராகப் போனது, குழிக்கு ஒரு சாண் இருக்கும்போது மெதுவாகப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, குழியின் உதட்டில் தட்டி நின்றது.

அண்ணன் கோலைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

அடுத்து முதலாளி குனிந்தார். ஒவ்வொரு பந்தையும் மேட்டுப் பக்கம் பார்த்து அடித்தார். ஒவ்வொன்றும் வளைந்து இறங்கிக் குழியில் விழுந்தது. அப்படி அடிக்க எங்கே பழகினார் என்பது பிறகுதான் தெரிய வந்தது. வெள்ளைப் பந்து தானாக நகர்ந்ததைப் பார்த்த அன்றே டவுனுக்குப் போய், தன் மேல்மாடி மேசையின் ஒரு பக்கத்துக் கால்களுக்கு அடியில் பலகை வைத்து, அதை எங்கள் மேசை மாதிரியே சரித்துவிட்டிருக்கிறார். மாதம் முழுக்கச் சரிந்த மேசையில் அவர் பழகிக்கொண்டிருந்த நேரம், அண்ணன் சமமான மேசையில் பழகிக்கொண்டிருந்தார்.

முதல் ஆட்டம் போனது. அக்கா பெரிய கிளாக்கரிடம் திரும்பினார்.

"சார், மேசைய நேராக்கலியா?"

"மேசையில பிழை இல்லையாம் தயானி. கட்டடந்தான் சாய்ஞ்சு கிடக்காம். கட்டடத்தை நிமித்திப்போட்டுக் கூப்பிடுங்கோ எண்டு சொல்லி, துணியை மட்டும் மாத்திப்போட்டுப் போட்டார்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே சார்!"

"நீங்கள் கேக்கேல்லையே."

அக்கா அண்ணனிடம் போய்க் காதோடு சொன்னார்: "ஹாலிஎலவ மறந்துடுங்க. பழைய கைய எடுங்க."

இரண்டாவது ஆட்டத்தில் பழைய கை வந்தது. கொஞ்சம் தயங்கித் தயங்கித்தான் வந்தது. ஆனாலும் வந்து, கறுப்பையும் போட்டது. கிளப்பே கத்தியது. யாரோ தகரத்தில் தாளம் போட்டார்கள்.

மூன்றாவது ஆட்டத்தில் பிரச்சினை வேறு மாதிரி வந்தது. அண்ணனுக்கு இப்போது இரண்டு கை. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் எந்தக் கையால் அடிப்பது என்று யோசித்தார். முன்பெல்லாம் அவர் யோசித்ததே இல்லை. இருவருக்கும் பந்துகள் முடிந்து கறுப்பு மட்டும் மிஞ்சியது. அண்ணனின் முறை. அவர் மேட்டுப் பக்கம் பார்த்தார், நேராகப் பார்த்தார், கடைசியில் இரண்டுக்கும் நடுவில் அடித்தார். கறுப்பு குழியின் வாயில் போய் நின்று ஆடி, விழாமல் இருந்தது. முதலாளி வந்து ஒரு தட்டுத் தட்டினார். விழுந்தது.

"அண்ணே, ஒரு கெழம தவணை..." என்று முருகையா அண்ணன் ஆரம்பித்தார்.

"வாய மூடுங்க," என்றார் அக்கா. "ஜெயிச்சப்ப நம்ம தவணை குடுத்தோமா?" அடுப்பைத் தானே தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தார். அக்காவின் வீட்டில் இருக்கும் சிலிண்டரையும் கேட்பதுபோல முதலாளி பார்த்தபோது, "சிலிண்டர் பந்தயத்துல இல்ல" என்று அக்கா வேன் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை விறகடுப்பு. ஈர விறகு. குசினி முழுக்கப் புகை, அக்காவின் கண் முழுக்கத் தண்ணீர். ஒரே நேரத்தில் ஒன்றுதான் வேகும் என்பதால் முதல் பஸ் காத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. அடுத்த நாள் டிரைவர் ஹோர்ன் மட்டும் அடித்தார். அதற்கடுத்த நாள் அதுவும் இல்லை. தொழிற்சாலைக்காரர்கள் ரொட்டிக்குப் போய்விட்டார்கள். மலைக்குத் திரும்பிப் போய்ப் பேர் பதியலாமா என்று அக்கா கணக்கப்பிள்ளையிடம் விசாரித்ததை நான் கேட்டேன். சிமெந்து பூசிய வெற்று இடத்தைத் தாண்டித் தாண்டி அவர் நடப்பதைப் பார்க்க எங்களுக்கு ஒரு மாதிரி இருந்தது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய அடுப்பு வாங்கித் தரலாமா என்று கேட்டதற்கு, "நீங்க குடுத்தா அது தர்மம். எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. டவுனில் சரிந்த மேசையில் யாருக்கும் ஆட விருப்பமில்லாமல் போய்விட்டதாம், அதனால் இங்கேதான் ஆட வேண்டும் என்றார். வழக்கம்போல முதலில் சாப்பிட உட்கார்ந்தார். அக்கா வழக்கம்போல எதிரில் நின்று பார்த்தார். முதலாளி ஒரு வாய் வைத்தார். மென்றார். நிறுத்தினார். இன்னொரு வாய் வைத்தார். முகம் இறங்கிக்கொண்டே போனது. தோற்றபோதுகூட அந்த முகம் அப்படி இறங்கியதில்லை.

"தங்கச்சி, இடியப்பம் புகை மணக்குது."

"வெறகடுப்புண்ணே."

"சொதியும் மணக்குது."

"அதுவும் வெறகடுப்புதான்."

"ஏன் விறகில சமைக்கிறீங்கள்?"

"என் அடுப்பு ஒங்க கடையில இருக்கு."

முதலாளி தட்டைத் தள்ளி வைத்தார். அவருடைய மனுசி கொழும்பில் மகளோடு இருக்கிறார். கிழமை முழுக்கக் கடைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை நமுனுகுல ஏறி வருவதே பாதி இந்தத் தட்டுக்காகத்தான் என்பது அந்த முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. இத்தனை நாளும் பிடிபடாத ஆள் அந்த ஒரு வாயில் அக்காவுக்குப் பிடிபட்டுவிட்டார்.

"அதுக்கென்ன, அடுப்பைக் கொண்டுவந்து தாறன், வைச்சிருங்கோ," என்றார் முதலாளி.

"தோத்தத சும்மா திருப்பி வாங்குற பழக்கம் எங்களுக்கு இல்ல. வேணும்னா ஆடலாம்."

"எதை வைப்பீங்கள்? வீட்டில ஒண்டும் இல்லையே."

"கைய வைக்கிறேன்." அக்கா துணி சுற்றிய கையைக் காட்டினார். "ஒரே ஆட்டம். நாங்க ஜெயிச்சா அடுப்பு எங்களுக்கு. நீங்க ஜெயிச்சா ஆறு மாசத்துக்கு ஞாயித்துக்கெழம இடியப்பம், சொதி, சம்பல் எல்லாம் ஒங்களுக்கு ஓசி. ஒரு துளி பொகை வாடை இருக்காது. இருந்தா நாங்க பந்தயத்த மீறினவங்க."

முதலாளிக்கு வாய் ஊறியது எங்களுக்கே தெரிந்தது. "சம்பலுக்கு மாசிக் கருவாடு போடுவீங்களோ?"

"போடுறேன்."

"சரி. வாங்கோ முருகையா."

அண்ணன் அன்று நன்றாகவே ஆடினார். பழைய கை முக்கால்வாசி திரும்பியிருந்தது. ஆனால் முதலாளி அதைவிட நன்றாக ஆடினார். ஆறு மாதத்துச் சம்பல் கண் முன்னால் நிற்கும்போது மனிதனுக்கு ஒரு தனித் திறமை வந்துவிடுகிறது. அண்ணனுக்கு இன்னும் இரண்டு பந்து இருக்கும்போதே முதலாளி கறுப்புக்கு வந்துவிட்டார். அண்ணன் வேர்வையைத் துடைத்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு நின்றார். அழுகிறார் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

முதலாளி மேட்டுப் பக்கம் பார்த்து அடித்தார். கறுப்பு வளைந்து இறங்கிக் குழியில் விழுந்தது.

"முடிஞ்சுது! வாற ஞாயிறு, தங்கச்சி, இடியப்பம் பஞ்சு மாதிரி இருக்கவேணும். புகை..." முதலாளி அங்கேயே நின்றுவிட்டார். கோல் கையில் இருந்தது. வாய் திறந்திருந்தது. "பொறுங்கோ. புகை இல்லாமச் சமைக்கிறதெண்டால்..."

"கேஸ் அடுப்பு வேணும்ணே," என்றார் அக்கா அமைதியாக.

"அது என்னட்டையெல்லோ கிடக்கு!"

"ஆமா. ஒங்க அடுப்புதான். ஒங்க இடியப்பம் வேகுற எடத்துல இருந்தா ஒங்களுக்குத்தானே நல்லது? நான் கேக்கல. நீங்க ஜெயிச்ச இடியப்பத்த நீங்க வாங்கிக்கிறதுக்கு என்ன வழியோ அதப் பாத்துக்கங்க."

முதலில் சிரித்தவர் அன்றும் வந்திருந்த பவாஸ். பிறகு பெரிய கிளாக்கர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முதலாளி கோலை மேசையில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "வெண்டாலும் அடுப்பு, தோத்தாலும் அடுப்பு! ஐயோ முருகையா, நீர் உந்த மனுசியோட எப்பிடியப்பா குடும்பம் நடத்துறீர்?"

"நான் எங்க நடத்துறேன்?" என்றார் அண்ணன்.

அடுப்பு அன்று பின்னேரமே வேனில் ஏறி வந்தது. சிமெந்து பூசிய இடத்தில் அதைத்தான் வைத்தார்கள். யாராவது "அக்கா, உங்க அடுப்பு வந்திருச்சு" என்றால் உடனே திருத்துவார்: "என்னுது இல்ல. மொதலாளியோடது. இங்க வேலைக்கு நிக்குது." திங்கட்கிழமை முதல் பஸ் வாசலில் நின்றது. ஹோர்ன் சத்தத்தில் லயத்து வீடெல்லாம் எழும்பிவிட்டது.

முதலாளி ஞாயிறு தவறாமல் வருகிறார். முதலில் குசினிக்குள் எட்டிப் பார்த்து, மூன்று வாயிலும் நீல நெருப்பு எரிவதை உறுதி செய்துகொள்வார். பிறகுதான் சாப்பிட உட்காருவார். இடியப்ப மெஷினைத் திரும்பப் பந்தயத்தில் வைக்கச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவர் இன்னும் பிடி கொடுக்கவில்லை. பலகையை எடுத்துவிட்டுத் தன் மேசையைச் சமமாக்க வேண்டும் என்கிறார், ஆனால் எடுத்ததாகத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை சிலிண்டர் முடிந்தது. அக்கா போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நாளைக்கு இடியப்பத்துக்கு ஒரு சின்னத் தடங்கல். ஒங்க அடுப்புல கேஸ் இல்ல."

"என்ர அடுப்பு சரி, கேஸ் ஆருடைய?"

"அதப் பத்திப் பந்தயத்துல நம்ம பேசலியே. பொகை இருக்காதுன்னு மட்டுந்தான் நான் சொன்னேன். வெறகு இருக்கு, வேணும்னா..."

முதலாளி போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை வேன் வந்து நின்றது. முதலாளி பின் கதவைத் திறந்து, நிறைந்த சிலிண்டர் ஒன்றைத் தானே உருட்டிக்கொண்டு வந்து குசினி வாசலில் நிமிர்த்தி வைத்தார். மூச்சு வாங்கியது. வாசலில் அண்ணன் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். முதலாளி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கையைத் துடைத்தார், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"சம்பலுக்கு மாசி போட்டிருக்கோ?"